மண்ணில் கலந்த காரீயத்தை செடி உறிஞ்சிவிடுமா?



பழைய பேட்டரி உடைக்கும் இடமோ, ஈயம் உருக்கும் பட்டறையோ இருக்கிற ஊர்களில் உள்ள குழுக்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "மேடம், கடுகு வெதச்சா மண்ணுல இருக்கிற ஈயத்தை அது இழுத்துக்கிடுமாமே? வெட்டிவேர் வச்சா மூணு வருசத்துல நிலம் சுத்தமாயிடுமாமே? குழுவுல லோன் போட்டு வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். செல்போனில் இப்படிச் சில படங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதில் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. பாதி உண்மையை நம்பிக் கடன் வாங்கினால் தவணை மட்டும் முழுசாக வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அதனால் இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு

நம் ஊரில் இரண்டு உலோகத்துக்கு ஒரே பெயர் சொல்லிப் பழகிவிட்டோம். பித்தளை அண்டாவுக்குப் பூசுகிற ஈயமும், ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் வெள்ளீயம். பேட்டரிக்குள் இருக்கிற தகடு, மீன் வலையில் கட்டுகிற குண்டு, அந்தக் காலத்துப் பெயின்ட், பழைய தண்ணீர்க் குழாய் இவற்றில் இருப்பது காரீயம். வெள்ளீயத்தில் சமைக்கலாம். காரீயம் விஷம். மலிவு விலைச் சொம்புகளில் வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்துவிடுகிறார்கள் என்பதால் சந்தையில் வாங்கும்போதும் கவனம் வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்வதெல்லாம் காரீயத்தைப் பற்றித்தான்.

காரீயம் நம் உடம்புக்கு எந்த வேலையும் செய்வதில்லை. இரும்புச்சத்து வேண்டும், சுண்ணாம்புச்சத்து வேண்டும், துத்தநாகம்கூட கொஞ்சம் வேண்டும். காரீயம் ஒரு துளியும் வேண்டாம். இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்கள் வயிற்றுக்குள் போகும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு ரத்தத்தில் சேரும் என்றால், சின்னக் குழந்தைகளுக்குப் பாதி அளவுகூடச் சேர்ந்துவிடும். குழந்தையின் மூளை வளர்கிற காலத்தில் அது போய் உட்கார்ந்தால் படிப்பு ஏறாது, கவனம் நிற்காது, வளர்ச்சி குறையும். "என் புள்ள மந்தமா இருக்கான்" என்று நாம் தலையெழுத்தைக் குறை சொல்கிற இடத்தில், சில நேரம் காரணம் தெருப் புழுதியில் இருக்கும்.

பெண்களுக்கு இன்னொரு விஷயம். உள்ளே போன காரீயம் எலும்பில் போய்த் தங்கிவிடும், பல வருடம் அங்கேயே கிடக்கும். கர்ப்பமாக இருக்கும்போது குழந்தைக்காக எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரைந்து வரும் அல்லவா, அதோடு சேர்ந்து காரீயமும் வெளியே வந்து தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். நீங்கள் சின்ன வயதில் வேலை பார்த்த பட்டறையின் காரீயம், பத்து வருடம் கழித்துப் பிறக்கிற குழந்தைக்குப் போகலாம்.

ஆப்பிரிக்காவில் செனகல் என்று ஒரு நாடு. அதன் தலைநகர் தாக்கர் பக்கத்தில் தியரோய் என்ற கடலோரக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே பல வருடங்களாகப் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கிவந்தார்கள். மண்ணெல்லாம் காரீயம். 2007-ன் கடைசியில் அந்த மண்ணுக்கே விலை வந்தது. மண்ணைச் சலித்தால் காரீயத் துணுக்கு கிடைக்கும், வாங்க ஆள் இருக்கிறது என்றதும் பெண்கள் மண்ணைத் தோண்டி, வீட்டு வாசலில் வைத்துச் சலித்து, மூட்டை கட்டி விற்றார்கள். பக்கத்திலேயே குழந்தைகள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தத் தாய்மார்கள் கெட்டவர்கள் இல்லை. நாலு காசு வருமானத்துக்காகச் செய்தார்கள், நம்மைப் போலவே. மண் என்றுதான் நினைத்தார்கள்.

காரீயம் மண்ணை விட்டுப் போகாது

பல பூச்சிமருந்துகள் நாளடைவில் சிதைந்துவிடும். எண்ணெய் கொட்டினால்கூட மண்ணில் இருக்கும் கிருமிகள் மெல்ல மெல்ல அதைத் தின்றுவிடும். காரீயம் ஒரு உலோகம், அதை எந்தக் கிருமியும் தின்று தீர்க்க முடியாது. நூறு வருடம் போனாலும் காரீயம் காரீயமாகவே இருக்கும். களிமண்ணையும் மக்கையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் மழையில் எளிதாகக் கீழே இறங்கவும் இறங்காது. மேல் மண்ணில், பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே கிடக்கும். குழந்தை விளையாடுவதும் கோழி சீய்ப்பதும் நாம் விளக்குமாறு போடுவதும் அதே மேல் மண்ணில்தான்.

சாதாரண மண்ணில் ஒரு கிலோவுக்குப் பத்து, இருபது மில்லிகிராம் காரீயம் இயற்கையாகவே இருக்கும். பேட்டரி உடைத்த இடத்தில் அது ஆயிரத்தைத் தாண்டும், பல ஆயிரமும் போகும். அமெரிக்காவில் வீட்டு மண்ணுக்கு 400 மில்லிகிராம் என்று வைத்திருந்த எச்சரிக்கை அளவை 2024-ல் 200 ஆகக் குறைத்துவிட்டார்கள். கொஞ்சமே இருந்தாலும் குழந்தைக்குக் கெடுதல் என்று தெரியவந்ததுதான் காரணம்.

செடி எப்படி உறிஞ்சும்?

செடியின் வேர் தண்ணீரோடு சேர்த்து உப்புகளையும் இழுக்கும். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள முயன்றாலும் வேண்டாததும் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். சில காட்டுச் செடிகளுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. மற்ற செடிகள் செத்துப்போகிற அளவு உலோகத்தையும் உள்ளே இழுத்து, இலையில் சேமித்து வைத்துக்கொண்டு பச்சைப்பசேல் என்று நிற்கும். பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா தீவில் ஒரு மரம் இருக்கிறது. பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். அதில் அவ்வளவு நிக்கல்! பழைய கிணற்றுச் சுவரிலும் ஈரமான செங்கல் சுவரிலும் முளைக்கிற ஒரு பெரணிச் செடி, பாஷாணம் என்று சொல்கிற ஆர்சனிக்கை இப்படி அள்ளிக்கொள்கிறது. 2001-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநில ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

இதைப் பார்த்துத்தான், உலோகம் கெட்டுப்போன மண்ணில் இந்த மாதிரிச் செடிகளை விதைத்து, அறுத்து, அப்புறப்படுத்தினால் மண் சுத்தமாகிவிடுமே என்ற யோசனை வந்தது. நல்ல யோசனைதான். நிக்கலுக்கு அது ஓரளவு பலிக்கவும் செய்கிறது.

காரீயத்தில்தான் சிக்கல். நான் மேலே சொன்ன மாதிரி அது மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும், தண்ணீரில் கரையாது. கரையாததை வேர் எப்படிக் குடிக்கும்? கொஞ்சநஞ்சம் கரைந்து உள்ளே போனாலும் வேரிலேயே நின்றுவிடும், தண்டுக்கும் இலைக்கும் ஏறுவது ரொம்பக் குறைவு. நாம் அறுப்பது தண்டையும் இலையையும்தான்.

கடன் கணக்கு மாதிரி ஒரு கணக்கு

நம் குழுக்களில் கணக்குப் போடத் தெரியாதவர் இல்லை. வாங்க, போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஏக்கர் நிலம். மேலே அரை அடி ஆழத்துக்கு உள்ள மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் எடை சுமார் 900 டன் வரும். ஒரு கிலோ மண்ணில் 1000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம் காரீயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த ஏக்கரில் மொத்தம் 900 கிலோ காரீயம். இது அசல்.

இப்போது கடுகு விதைக்கிறோம். நன்றாக வந்து, காய்ந்த எடையில் 4 டன் அறுக்கிறோம் என்று தாராளமாகவே வைப்போம். மண்ணில் எந்த ரசாயனமும் சேர்க்காதபோது அந்தக் காய்ந்த செடியில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் காரீயம் ஏறினாலே பெரிய விஷயம். 4 டன்னுக்கு எவ்வளவு? 400 கிராம். அரைக் கிலோகூட இல்லை. இது தவணை.

900 கிலோ அசலில் பாதியை, அதாவது 450 கிலோவைக் கட்டி முடிக்க, தவணைக்கு 400 கிராம் வீதம் 1125 தவணை ஆகும். வருடத்துக்கு இரண்டு போகம் என்றால் 560 வருடத்துக்கு மேல். அப்புறமும் பாதி பாக்கி நிற்கும். எந்த வங்கி மேலாளரும் இந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போடமாட்டார், நாம் ஏன் போட வேண்டும்?

"அப்போ எதுக்கு மேடம் விஞ்ஞானிங்க கடுகைச் சொன்னாங்க?" என்று கேட்பீர்கள். அதற்கும் கதை இருக்கிறது. 1990-களில் அமெரிக்காவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஈ.டி.டி.ஏ. என்ற ஒரு ரசாயனத்தை மண்ணில் ஊற்றினால், மண் பிடித்து வைத்திருக்கும் காரீயம் விடுபட்டுத் தண்ணீரில் கரையும், செடியும் ஒரேயடியாக உறிஞ்சும். கிலோவுக்குப் பத்தாயிரம் மில்லிகிராம்கூட ஏறியது, சோதனைச்சாலைத் தொட்டியில். அவர்கள் பயன்படுத்தியது வேறெதுவும் இல்லை, நாம் தாளிக்கிற கடுகுதான். அங்கே அதற்கு இந்தியக் கடுகு என்றே பெயர். நியூ ஜெர்சி மாநிலத்தில் டிரென்டன் என்ற ஊரில் பழைய பேட்டரித் தொழிற்சாலை இருந்த மனையில் 1990-களின் கடைசியில் கடுகும் சூரியகாந்தியும் விதைத்து நிஜமாகவே சோதித்துப் பார்த்தார்கள். மேல் மண்ணில் காரீயம் குறைந்தது. ஆனால் குறைந்ததில் எவ்வளவு செடிக்குள் போனது, எவ்வளவு உழுததில் அடி மண்ணோடு கலந்தது, எவ்வளவு ரசாயனத்தில் கரைந்து கீழே இறங்கியது என்று விஞ்ஞானிகளுக்குள்ளேயே வாதம் கிளம்பியது. ரசாயனம் விடுவித்த காரீயம் செடிக்காகக் காத்திருக்காது. ஒரு மழை அடித்தால் நிலத்தடி நீருக்குப் போய்விடும். மேல் மண்ணில் இருந்ததைக் கிணற்றுக்குள் அனுப்பிய கதையாக முடியும். கிணற்றையும் கைப்பம்பையும் நம்பி இருக்கிற ஊரில் இதை யாராவது செய்ய வந்தால் விடவே கூடாது என்பது என் கருத்து.

அப்படியானால் செடியால் பிரயோஜனமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் வேறு வேலைக்கு. காரீயத்தை மண்ணிலிருந்து எடுக்கச் செடியால் முடியாது. எங்கேயும் போகவிடாமல் கட்டிப்போட முடியும்.

யோசித்துப் பாருங்கள். காரீயம் நம் உடம்புக்குள் எப்படி வருகிறது? வெறும் மண் காற்றில் புழுதியாகப் பறக்கிறது. மழையில் கரைந்து ஓடி ஓடையில், குளத்தில் சேர்கிறது. காலில் ஒட்டி வீட்டுக்குள் வருகிறது. மண் மேலே அடர்த்தியாகப் புல் மூடியிருந்தால் இந்த மூன்றும் பெருமளவு நின்றுவிடும். வெட்டிவேர் இதற்குக் கெட்டிக்காரச் செடி. வேர் பத்து அடிக்கும் கீழே போகும், மற்ற செடிகள் கருகும் இடத்திலும் வளரும், எடுக்கிற காரீயத்தையும் பெரும்பாலும் வேரிலேயே வைத்துக்கொள்ளும். சீனாவில் காரீயச் சுரங்கக் கழிவு மேடுகளில் இதை நட்டுப் பார்த்திருக்கிறார்கள். நிலத்தின் தாழ்வான பக்கம் வரிசையாக நெருக்கி நட்டால் மழைத் தண்ணீர் அடித்துவரும் மண்ணை அங்கேயே வடிகட்டி நிறுத்திவிடும். அறுகும் அப்படித்தான், எந்தக் கெட்ட மண்ணிலும் படர்ந்து மூடும்.

இதோடு மண்ணில் மக்கின எருவும் எலும்புத்தூளும் சேர்த்தால் இன்னும் நல்லது. எலும்பில் இருக்கும் பாஸ்பேட் காரீயத்தோடு சேர்ந்து கல் மாதிரி ஆகிவிடும். அந்த மண் தப்பித்தவறி வயிற்றுக்குள் போனாலும் முன்பு அளவுக்கு ரத்தத்தில் சேராது. அமெரிக்காவில் ஓக்லண்ட் என்ற ஊரில் வீட்டுத் தோட்டங்களில் மீன் எலும்புத்தூள் கலந்து, மேலே நல்ல மண் போட்டு, செடி வைத்து இதைச் செய்திருக்கிறார்கள். இங்கேயும் காரீயம் மண்ணில்தான் இருக்கிறது, வாயடைத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கு ஏற்கெனவே விஷம் ஏறியிருக்கிற இடத்தில் செடி வளரும்வரை காத்திருக்க முடியாது. நைஜீரியாவில் சம்ஃபாரா என்ற மாநிலத்தில் 2010-ல் நடந்ததைச் சொல்கிறேன். தங்கம் எடுக்கிற கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாவு மெஷினில் அரைத்தார்கள். அந்தக் கல்லில் காரீயம் நிறைய இருந்தது. நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அங்கே எந்தச் செடியும் வைக்கவில்லை. ஊர்க்காரர்களே மண்வெட்டி எடுத்து வாசல் மண்ணைச் சுரண்டி, மூட்டை கட்டி, ஊருக்கு வெளியே குழி வெட்டிப் புதைத்து, நல்ல மண் கொண்டுவந்து பரப்பினார்கள். வீடு சுத்தமான பிறகுதான் டாக்டர்கள் குழந்தைக்கு மருந்து தொடங்கினார்கள். மண் அப்படியே இருக்க மருந்து மட்டும் கொடுத்து என்ன பயன்?

செடிக்குள் போனது எங்கே போகும்?

இந்த ஒரு பகுதியை மட்டுமாவது மீட்டிங்கில் சத்தமாக வாசியுங்கள்.

காரீயம் உள்ள மண்ணில் வளர்ந்த செடி பார்க்க மற்ற செடி மாதிரியேதான் இருக்கும். வாடாது, நிறம் மாறாது. நம் பெண்கள் காட்டில் மேட்டில் கிடைப்பதைச் சும்மா விடுவதில்லை. அதுதான் பயம்.

நன்னாரியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைக் கழிவு சேர்ந்த மண்ணிலிருந்து நன்னாரி காரீயத்தை நன்றாக இழுக்கிறது என்று ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2005-ல் எழுதினார்கள். மண் சுத்தம் செய்ய உதவும் காட்டுச் செடி என்றுதான் அதைப் பாராட்டினார்கள். எனக்கு அதைப் படித்ததும் சர்பத் ஞாபகம்தான் வந்தது. பட்டறை ஓரத்தில் தோண்டிய நன்னாரி வேர் எந்தக் கடைக்குப் போய் எந்தக் குழந்தை குடிக்கும் என்று யார் கண்டது?

வெட்டிவேரும் அதே கதை. கடலூர் பக்கம் நல்ல மணல் நிலத்தில் விளைவித்து விற்கிறார்கள், நல்ல வருமானம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காரீய நிலத்தில் மண்ணைப் பிடிக்க வைத்த வெட்டிவேரைத் தோண்டி விற்கக் கூடாது. வேரில்தான் காரீயம் இருக்கிறது, அந்த வேரைத்தான் நாம் பானைத் தண்ணீரில் போட்டுக் குடிக்கிறோம். தோண்டினால் பிடித்து வைத்த மண்ணும் கலைந்துபோகும். ஆகவே, "நிலமும் சுத்தமாகும், வேர் விற்று லாபமும் வரும்" என்று யாராவது சொன்னால் அவர் இரண்டு பொய்யைச் சேர்த்துச் சொல்கிறார்.

அந்த இடத்து அறுகை ஜூஸ் போடவும் பிள்ளையாருக்கு மாலை கட்டவும் பறிக்க வேண்டாம். சீமைக்கருவேலை வெட்டி அடுப்பெரிக்க வேண்டாம், கரி மூட்டம் போடவும் வேண்டாம். புகையிலும் சாம்பலிலும் காரீயம் வரும், அந்தச் சாம்பலில்தான் பாத்திரம் விளக்குகிறோம். ஆட்டை மேய விட வேண்டாம். மாட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், உடைத்த பேட்டரித் தகடு கிடந்தால் தேடிப்போய் நக்கும், நக்கின மாடு பிழைப்பது கஷ்டம். செடியை வெட்டிக் குப்பையில் போட்டு மக்க வைத்தால் எருவோடு காரீயம் நம் தோட்டத்துக்கே வரும். வெட்டாமல் அங்கேயே விட்டுவைப்பதுதான் சரி. சுற்றி வேலி போட்டு, நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி போர்டு எழுதி வையுங்கள்.

கீரையும் அப்படித்தான். தண்டுக்கீரை, சிறுகீரை, முள்ளங்கி, காரட் இவற்றில் காரீயம் அதிகம் சேரும், இலை மேலே படிகிற புழுதியும் சேர்ந்துகொள்ளும். தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை மாதிரி காய்க்குள் ரொம்பக் குறைவாகத்தான் போகும். பட்டறைக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற வீட்டுத் தோட்டங்களில் கீரையை நிறுத்திவிட்டுக் காய் போடலாம், நன்றாகக் கழுவிச் சமைக்கலாம். கீரை வேண்டும் என்றால் வேறு இடத்து நல்ல மண் கொண்டுவந்து சாக்கிலோ தொட்டியிலோ போட்டு வளர்த்துக்கொள்ளுங்கள். பட்டறை இருந்த இடத்திலேயே என்றால் எதுவும் போட வேண்டாம்.

வீட்டுக்குள்

பட்டறைக்கு வேலைக்குப் போகிற வீட்டுக்காரரோ மகனோ இருந்தால், சட்டையோடு காரீயமும் வீட்டுக்கு வருகிறது. வாசலுக்கு வெளியிலேயே துணி மாற்றி, குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். உதறக் கூடாது. தரையை விளக்குமாற்றால் கூட்டினால் புழுதி எழும்பும், ஈரத் துணியால் துடைப்பது நல்லது. செருப்பு வெளியே. குழந்தை சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும், நகம் வெட்ட வேண்டும். அங்கன்வாடி மையம் பட்டறைக்குப் பக்கத்தில் இருந்தால் அதைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் முதல் பேச்சாகப் பேசுங்கள்.

சோகை உள்ள குழந்தையின் உடம்பு இரும்புச்சத்துக்காக ஏங்கிக் கிடக்கும். அப்போது காரீயம் வந்தால் அதையும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை, பால் இவற்றைக் கொடுப்பது காரீயத்தை வெளியேற்றிவிடாது, உள்ளே போகும் அளவைக் குறைக்கும். காரணமில்லாத வயிற்றுவலி, மலச்சிக்கல், எரிச்சல், சோகை இருந்தால் டாக்டரிடம் பட்டறை விஷயத்தை நாமாகவே சொல்ல வேண்டும். ரத்தத்தில் காரீயம் பார்க்கத் தனி டெஸ்ட் இருக்கிறது. சொன்னால்தான் எழுதிக்கொடுப்பார்கள். பல குழந்தைகளுக்கு எந்த அறிகுறியும் தெரியாது, அதனால் அறிகுறிக்குக் காத்திருக்காமலும் கேட்கலாம்.

செலவு யாருடையது?

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். கெட்ட நிலத்தைச் சுத்தம் செய்யக் குழுவின் சேமிப்பிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோ ஒரு ரூபாயும் எடுக்க வேண்டாம். அழுக்காக்கியவர்தான் செலவைக் கட்ட வேண்டும் என்பது சட்டம். பழைய பேட்டரியை எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம் என்பதும் கிடையாது. 2001-லேயே அதற்கு விதிகள் வந்துவிட்டன. அதன் இடத்தில் 2022-ல் புதிய பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. பதிவு பெற்ற நிறுவனத்தில் மட்டும்தான் உருக்கலாம்.

பட்டறை இன்னும் நடக்கிறது என்றால் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. ஒரு பக்கம் உருக்கிக்கொண்டிருக்கும்போது மறுபக்கம் புல் நடுவது வீண். மாவட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு மனு, திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனு, கிராம சபையில் ஒரு தீர்மானம். மூன்றிலும் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டறையில் வேலை பார்க்கிற குடும்பமும் நம் குழுவிலேயே இருக்கும். "எங்க பொழப்புல மண்ணப் போடுறீங்களா" என்று கேட்பார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு மனு எழுதக் கூடாது. முதலில் பாதிக்கப்படுகிறவர்கள் அவர்கள் குழந்தைகள்தான். மாற்றுத் தொழிலுக்குக் கடன் கொடுப்பதில் அவர்களை முன்னால் வைப்பது குழுவின் கையில் இருக்கிறது.

மண் பரிசோதனை

வேளாண்மைத் துறை கொடுக்கும் மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்து வரும், துத்தநாகம், இரும்பு வரும். காரீயம் வராது. அந்த அட்டையைக் காட்டி "மண் நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் ஏமாந்துவிட வேண்டாம். கன உலோகம் பார்க்கிற ஆய்வகத்தில் காரீயம் என்று பெயர் சொல்லிக் கேட்டு டெஸ்ட் பண்ண வேண்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். வாரியமே வந்து மண் எடுக்க வேண்டும் என்று மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

நாமே எடுப்பதாக இருந்தால், குழந்தைகள் விளையாடும் இடத்தில் மேலே ஒரு அங்குல மண்ணை மட்டும் எடுக்க வேண்டும், தோட்டத்தில் அரை அடி ஆழம் வரை. ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளில் எடுத்துக் கலந்து அதில் அரைக் கிலோ போதும். வாசல் மண்ணையும் தோட்டத்து மண்ணையும் கலந்துவிடக் கூடாது, தனித்தனிப் பையில் போட்டு இடத்தின் பெயரும் தேதியும் எழுதிக் கட்ட வேண்டும். காய்ந்த நாளில் தண்ணீர் கொஞ்சம் தெளித்துவிட்டு எடுங்கள், புழுதி பறக்காது. வாயை முந்தானையால் கட்டிக்கொண்டால் போதாது, முகக்கவசம் போடுங்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பட்டறை இருந்த இடத்திலிருந்து நூறு அடி, முந்நூறு அடி, ஆயிரம் அடி என்று தள்ளித் தள்ளி ஒவ்வொரு பை எடுத்தால், எந்தத் தெரு வரை வந்திருக்கிறது என்பது ரிசல்ட்டைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.